ஒரு நாட்டைத் தவிர

அஸ்மாரா
சனிக்கிழமை மாலை

அன்புள்ள லுவாம்,

இறந்துபோன ஒருவர் எத்தனை நாள் தூங்கிக்கொண்டிருக்க முடியும்?  இருபத்துநான்கு நாள் முடியும் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. நீ எப்படி இருக்கிறாய், அங்கே குளிர் விட்டதா, இருமல் நின்றதா, இரண்டு வேளையாவது அடுப்பு மூட்டிச் சமைக்கிறாயா. உன்னைக் காணாத ஏக்கத்தைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதித்தான் நம் ஊரில் கடிதம் தொடங்குவார்கள். ஆறு வருடமாக நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்த முறை அந்த வரி எழுத வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால், லெம்லெமும் நீ இருக்கும் காஸல் ஊரில் உள்ள நம் ஆட்களும் விடியற்காலையில் உன் கதவைத் தட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார்கள். நீ அழுது ஓய்ந்த பிறகு கொடு என்று லெம்லெமிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் அப்பா புதன்கிழமை மதியம், இன்றைக்கு இருபத்துநான்கு நாளுக்கு முன்னால், போய்விட்டார். முதல் முறை வாதம் வந்து வலது கை விழுந்தது உனக்குத் தெரியும். இரண்டாவது முறை வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைத்தது, கட்டில் கிடைத்தது, மருத்துவரும் இருந்தார், எதிலும் குறை சொல்வதற்கில்லை. நான்கு மணி நேரம்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, ஆனால் பேச்சு புரிந்தது. பெரிய வலி இல்லை என்றுதான் நினைக்கிறேன், கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார், ஆனால் அவர் எதையும் வலி என்று சொன்ன மனிதர் இல்லை. அன்று மாலையே மர்யம் கோவிலில் அடக்கம் செய்தோம். தெருச் சங்கத்துக் கூடாரத்தை வாசலில் போட்டார்கள். அவர் காப்பி இயந்திரம் பழுது பார்த்துக் கொடுத்த கடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், எனக்குப் பெயர் தெரியாதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்து துக்கத்தின் பன்னிரண்டு நாளும் சீட்டு விளையாடினார்கள். அவருக்கு அது பிடித்திருக்கும்.

நீ இப்போது கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அழைத்தாய். மூன்று முறையும் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். முதல் ஞாயிறு கூடாரத்துக்குள் இருந்தே சொன்னேன், பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்கிறதே என்றாய், பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றேன். இதைச் சொன்னது நான்தான். வழக்கம், பெரியவர்கள், தெருக்காரர்கள் என்று யார்மேலும் போடப்போவதில்லை. சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது, தனியாக இருப்பவருக்குச் சொல்லக்கூடாது, பொழுது புலரும் நேரத்தில் பத்துப் பேராகப் போய்ச் சுற்றி உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது நம் ஜனங்களின் முறை. அதில் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுத்ததில்லை. ஆனால் எனக்கு அந்த முறை எப்போதும் ஆகாது. நான் இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்று எங்கள் ஊர் கெரெனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கையில் இருந்த காசுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பேருந்தில் மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பேருந்தில் என்னோடு வந்தவர்களில் நான்கு பேருக்கு விஷயம் தெரியும். இரவு இறங்கி என் சித்தி வீட்டில் படுக்க வைத்து, விடிந்த பிறகுதான் சொன்னார்கள். அம்மா போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பழங்களை என்ன செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இதை யாருக்கும் செய்யமாட்டேன் என்று அன்று நினைத்தேன். உனக்குச் செய்திருக்கிறேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், ஏற்பதும் ஏற்காததும் உன் இஷ்டம். அந்த நான்கு மணி நேரத்தில் உன் அப்பா உன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். "லுவாமுக்கு இப்ப சொல்லாத. சொன்னா அடுத்த வண்டி ஏறிடுவா. பொறந்ததுலேர்ந்து என் பேச்சக் கேட்டவளா அவ? நாப்பதாம் நாள் முடியட்டும், அப்புறம் சொல்லு, அப்ப வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். சரி என்றேன். சாகப்போகிற மனிதரிடம் வாதம் செய்ய மனம் வரவில்லை. இப்போது யோசித்தால் நாங்கள் இரண்டு பேருமே கணக்கில் தப்புப் பண்ணிவிட்டோம். உனக்கு நிஜத்தைச் சொன்னால் வந்துவிடுவாய் என்று பயந்து, அப்பா படுக்கையில் இருக்கிறார், தூங்குகிறார், இன்று கொஞ்சம் பரவாயில்லை, இன்று கொஞ்சம் மோசம் என்று சொல்லிச் சொல்லி, உயிரோடு இருக்கிற நோயாளி ஒருவரை நான்தான் உனக்கு உண்டாக்கிக் கொடுத்தேன். செத்தவரைப் பார்க்க அவசரமில்லை. படுத்திருப்பவரைப் பார்க்கத்தான் அவசரம். போன ஞாயிறு நீ சொன்னாய், "அவர்கிட்ட சொல்லுங்கம்மா, இன்னும் ரெண்டே வாரம், அவர் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், டிக்கெட் எடுத்தாச்சு" என்று. நான் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே தாளை மூன்று முறை கூட்டுகிறேன்.

ஆகவே நாற்பதாம் நாளுக்குக் காத்திராமல் இப்போதே எழுதுகிறேன். உன் விமானம் கிளம்ப இன்னும் எட்டு நாள் இருக்கிறது. லெம்லெம் நாளை இரவு புறப்படுகிறாள், செவ்வாய்க்குள் உன்னிடம் வந்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஹிவெட்டின் தங்கை என்பதால் இந்த மூன்று வாரமும் இங்கேதான் இருந்தாள், அவளுக்கு எல்லாம் தெரியும். அவளைப் பார்த்து நீயும் வந்து போகலாம் என்று நினைக்காதே. அவள் கையில் இருப்பது அந்த நாட்டின் கடவுச்சீட்டு. உன் கையில் இருப்பது அகதி என்று அவர்கள் கொடுத்த நீலப் பயணப் பத்திரம். முன்பு நீ அதைப் படம் எடுத்து அனுப்பினாயே, எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒரு நாட்டைத் தவிர என்று எழுதி அதில் நம் நாட்டின் பெயரைப் போட்டிருந்த பக்கம், அதை உன் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு முறை படித்தார். "ஒலகத்தையே தூக்கிக் குடுத்துட்டு வீட்டுச் சாவிய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க பாரு" என்று சிரித்தார். பிறகு பட்டறைக்குப் போய்விட்டார், சாப்பிட வரவில்லை.

அந்தப் பத்திரத்தோடு நீ இங்கே வர முடியாது. அப்படியானால் நீ என்ன செய்யப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் ஹிவெட்டின் மகன் ஃபில்மொனும் அதைத்தான் செய்தான். நம் தூதரகத்துக்குப் போய், ஓடிப்போனது என் தப்பு, காலம் வரும்போது தரும் தண்டனையை ஏற்கிறேன் என்கிற அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பழைய கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, வேறொரு நாடு வழியாகச் சுற்றி வந்தான். தங்கை கல்யாணம். யாருக்கும் தெரியாது, அந்தச் சுற்றுவழியில் முத்திரை விழாது என்று டிக்கெட் விற்றவன் சொன்னானாம். இங்கே அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அது உண்மை. மூன்று நாள் தோளைக் குலுக்கி ஆடினான். ஹிவெட் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உன் பொண்ணு மட்டும் என்ன கண்ணாடியில செஞ்சவளா, வந்தா ஒடஞ்சிடுவாளா? என் புள்ள வந்து ஆடிட்டுப் போகலையா?" என்று என்னைக் கேட்டாள்.  உன் அப்பாதான், "எங்க பொண்ணுக்கு ஆடத் தெரியாது ஹிவெட், அதான் கூப்பிடல" என்றார். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி கல்யாண வீடியோவை எடுத்து உலகம் பார்க்கப் போட்டாள், நடுவில் ஃபில்மொன். நான்கு மாதம் கழித்து அங்கே அகதிகள் அலுவலகத்திலிருந்து அவனைக் கூப்பிட்டு அந்தப் படத்தையே மேசையில் வைத்தார்கள். ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தாய், போய் ஆடிவிட்டு வந்திருக்கிறாய், அப்படியானால் ஆபத்து தீர்ந்தது, இனி உனக்கு எங்கள் புகலிடம் எதற்கு என்று கேட்டார்களாம். அவன் என்ன சொல்வான்? தங்கை கல்யாணம் என்றானாம். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மனைவியை அழைத்துக்கொள்ள அவன் போட்டிருந்த மனு அத்தோடு நின்றது. இரண்டு வருடமாக வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறான். ஹிவெட் இப்போது சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த அலுவலகத்துக்காரர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர்கள் கேட்டது எளிய கேள்வி. பயம் இருக்கும்போதும் மனிதர் வீட்டுக்குப் போவார் என்பதற்கு அவர்கள் காகிதத்தில் கட்டம் இல்லை.

இது அங்கே இருக்கும் ஆபத்து. இங்கே இருப்பதைப் பற்றி நான் நீளமாக எழுத விரும்பவில்லை, இது லெம்லெம் கொண்டுபோகும் மாவுப் பையில் ஒளிந்து போகிற கடிதம். ஒன்று மட்டும். உன்னோடு படித்த ஒருத்தி, பெயர் வேண்டாம், தாயைப் பார்க்க வந்தாள். விமான நிலையத்தில் வரவேற்றார்கள். நான்காம் நாள் ஒருவர் வீட்டுக்கு வந்து, அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். காப்பி இரண்டாம் சுற்றுக் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைக்காதீங்க வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் அம்மா செவ்வாய்தோறும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறாள், வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் மகள் உள்ளே இருக்கிறாள் என்று நம்புகிறாள். நீ சொல்வாய், இருபது பேர் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள் அம்மா என்று. இருக்கலாம். இருபத்தைந்து வருடமாக நான் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பி வந்தவர்கள்தான் உன் கோவிலில் வந்து உட்கார்ந்து கதை சொல்வார்கள். திரும்பாதவர்கள் கதை சொல்ல வருவதில்லை. உனக்குக் கிடைத்த கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. நீ வந்தால் கட்டாயம் மாட்டிக்கொள்வாய் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரும் இல்லை. எவருக்கும் தெரியாத ஒன்றில் உன்னை வைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை எழுத வேண்டாம் என்று காலையிலிருந்து நினைத்து, எழுதிவிடுகிறேன். நீ எல்லை தாண்டிப் போன அந்த மாதம் அப்பா மஸாவாவில் ஒரு ஓட்டலில் இயந்திரம் மாட்டப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோம். அவர் மஸாவாவுக்குப் போகவில்லை. பதினொரு நாள் உன்னைப் பற்றிக் கேட்பதற்காக அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டு, ரொட்டி இருக்கா என்று கேட்டார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடமும் பேசவில்லை. உனக்குக் குற்ற உணர்ச்சி வரட்டும் என்று இதை எழுதவில்லை. நீ அங்கே பத்திரமாக இருப்பதற்கு அவர் தன் பங்கைக் கொடுத்துவிட்டார், அதை அவரைப் பார்க்க வந்து கலைத்துவிடாதே என்பதற்காக எழுதுகிறேன். மொழிப் பரீட்சை முடி. அவர்கள் கடவுச்சீட்டு கிடைக்க இன்னும் எத்தனை வருடமோ அத்தனை வருடம் வேலையை விடாமல் இரு. யாரோடு படம் எடுத்தாலும் அது எங்கே போகும் என்று கேள். நானும் சும்மா இருக்கவில்லை, உன்னைச் சந்திக்கக் கம்பாலா வரை போய்வர அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்கப்போகிறேன். உன் நீலப் பத்திரம் அங்கே செல்லும். கிடைக்கும் என்று சொல்லவில்லை, எழுதிக் கொடுப்பேன் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக இல்லை. தண்ணீர் வண்டி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒரு பீப்பாய் எனக்குத் தாராளம், முன்பு இரண்டு போதாது. நீ அனுப்பிய தடித்த கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார், மகள் இல்லாத குளிருக்கு இதுதான் மருந்து என்பார். பையில் ஒரு திருகாணியும் பாதி பென்சிலும் இருந்தன, எடுக்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வகுப்புக்குப் போகிறேன், பிள்ளைகள் என் கறுப்பு உடுப்பைப் பார்த்துச் சத்தம் போடாமல் உட்காருகிறார்கள், அது ஒரு வசதி. எனக்கு அழுகை வரவில்லை. கூடாரத்தில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது நான் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். படிச்ச பொம்பள கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம். ஞாயிறு வந்தால் நீ கூப்பிடுவாய், தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும் என்பதால் ஒரு வேலை பாக்கி இருப்பதுபோலவே இருந்தது.

கன்னி மர்யம் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும் என்று உன் அப்பா எழுதச் சொல்வார். வரவை இப்போதைக்கு விட்டுவிட்டு, போக்கைக் காக்கட்டும் என்று எழுதுகிறேன். நீ நீண்ட நாள் இரு. உன் பிள்ளைகள் என்னை எனக்குத் தெரியாத மொழியில் பாட்டி என்று கூப்பிடட்டும், பரவாயில்லை. பையில் இருக்கும் ஷிரோ கடலை மாவை ஈரம் படாமல் வை, மிளகாய்ப் பொடி புதிது, காரம் அதிகம், பாதி போடு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. இதை மறக்காதே.

உன் அம்மா,
அஸியேப்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மேலே எழுதியதை மாற்றவில்லை. நடந்ததைச் சேர்த்து எழுதிவிட்டு ஒட்டுகிறேன். நீ பதினொரு மணிக்குக் கூப்பிட்டாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன், நல்லா இருக்கேன் என்றாய். நீ அப்பாவைக் கேட்பாய் என்று வாயில் அந்தச் சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. "அப்பாவ எழுப்ப வேணாம்மா" என்றாய். பிறகு, "ஃபில்மொன் வியாழக்கிழமை போன் பண்ணான். போன்ல சொல்லக்கூடாதுதான், அவன்மேல கோவப்படாதீங்க. டிக்கெட்டத் திருப்பிட்டேன். நீங்க ஒரு வருஷத்துக்கு மேல கறுப்பு உடுத்தாதீங்க" என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாய். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது, அல்லது நீ வைத்துவிட்டாய், எது என்று தெரியவில்லை.

லெம்லெமிடம் முறையை மாற்றிச் சொல்லிவிட்டேன். கடிதத்தை முதல் நாளே உன்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் விடியலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஒன்றும் தெரியாதவள்போல் கதவைத் திற. அவர்கள் உனக்காக எழுந்து வந்திருப்பார்கள், அழ விடு.

தொலைபேசியை வைத்த பிறகு நான் சத்தமாக அழுதிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு ஹிவெட் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். வாசலில் நின்று, "ஐயோ, இப்ப யாரு போனது?" என்று கேட்டாள். பெராகி என்று உன் அப்பா பெயரைச் சொன்னேன்.